பெட்டி எண்ணிக்கையில் ஜெயித்தது யார்? பிளேஸ்டேஷன், ஸ்விட்ச், எக்ஸ்பாக்ஸ், அப்புறம் பிசி

தாமிரபரணி:

2025 செப்டம்பர் 30 வரை எத்தனை கேம் பெட்டி (கன்சோல்) போயிருக்கிறது என்ற கணக்கை சோனியும் நின்டெண்டோவும் வெளியிட்டுவிட்டார்கள். சோனியின் பிளேஸ்டேஷன் 5 மொத்தம் 8.42 கோடி. நின்டெண்டோவின் ஸ்விட்ச் 15.401 கோடி. ஜூன் 5ஆம் தேதி வந்த ஸ்விட்ச் 2 நான்கு மாதம் முடிவதற்குள் 1.036 கோடி. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் எத்தனை விற்றன என்று மைக்ரோசாப்ட் சொல்லவே இல்லை. 2015இல் எண்ணிக்கை சொல்வதை நிறுத்தியவர்கள் அவர்கள்.

இந்த எண்கள் வந்த கையோடு யார் ஜெயித்தார், யார் செத்தார் என்று எல்லா இடத்திலும் சண்டை நடக்கிறது. இந்த மூன்றையும் ஒரே பட்டியலில் அடுக்கி ஒப்பிடுவதே இப்போது சரியில்லை என்பது என் கட்சி. மூன்று கம்பெனிகளும் ஒரே வியாபாரத்தில் இல்லை.

நின்டெண்டோவின் பெரிய மரியோ, செல்டா ஆட்டங்கள் வேண்டுமென்றால் அவர்கள் பெட்டியைத்தான் வாங்கியாக வேண்டும். சோனிக்கோ பெட்டி என்பது கடைக்கு வாசல். உள்ளே வந்தவர் மற்ற கம்பெனிகளின் ஆட்டத்தை வாங்கினாலும் சோனிக்குப் பங்கு போகும். அதனால்தான் 2024இல்கூட மாதம் தவறாமல் விளையாடுகிறவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பழைய பிளேஸ்டேஷன் 4இலேயே இருப்பதைப் பற்றி சோனி அலட்டிக்கொள்ளவில்லை. மைக்ரோசாப்ட் தன் ஆட்டங்களைப் போட்டியாளரின் பெட்டியிலேயே விற்கிறது. ஃபோர்ஸா ஹொரைசன் 5 2025 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 5க்கு வந்தது. கியர்ஸ் ஆஃப் வார் ஆகஸ்டில் வந்தது. ஹேலோவும் 2026இல் வரும் என்று அறிவித்தார்கள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. காலாண்டு அறிக்கையில் வருவது பெரும்பாலும் கம்பெனி கடைக்காரர்களுக்கு அனுப்பிய எண்ணிக்கை. கிடங்கில் சீல் பிரிக்காமல் கிடப்பதும் அதில் சேர்ந்துவிடும். ஜனங்கள் காசு கொடுத்து வாங்கியது வேறு கணக்கு. ஸ்விட்ச் 2 முதல் நான்கு நாளில் 35 லட்சம் விற்றது என்று நின்டெண்டோ சொன்னது அந்த இரண்டாவது வகை. ஒருவர் ஒரு வகையை எடுத்துப் பேச, மற்றவர் இன்னொன்றை எடுத்துப் பேச, விவாதம் முடிவதே இல்லை.

இது போக, இந்தக் கணக்கு எதிலும் பிசி கிடையாது. என்னைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் நடப்பதே அங்கேதான்.

வைகைக்கரை:

அண்ணே, எண்ணிக்கை முக்கியமில்லை என்ற பேச்சு எப்போதும் எண்ணிக்கை குறைந்த பக்கத்திலிருந்துதான் வரும். நீங்கள் சொல்லாவிட்டாலும் மைக்ரோசாப்ட் அதைத்தான் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நின்டெண்டோவின் பழைய பெட்டி வீ 10.163 கோடி விற்றது. அதற்கு அடுத்து வந்த வீ யூ 1.356 கோடியோடு நின்றுவிட்டது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் வெளிக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. ஆட்டம் வராததால் பெட்டி விற்கவில்லை, பெட்டி விற்காததால் ஆட்டம் வரவில்லை. 3டிஎஸ் என்ற கையடக்கப் பெட்டி கையில் இருந்ததால் நின்டெண்டோ தாக்குப்பிடித்தது. அதே கம்பெனி 2017 மார்ச்சில் ஸ்விட்சைக் கொண்டுவந்து, 2025 செப்டம்பர் முடிவில் தன் பழைய கையடக்கப் பெட்டி டிஎஸ்ஸின் 15.402 கோடிக்கு வெறும் பத்தாயிரம் குறைவு என்ற இடத்தில் நின்றது. அடுத்த காலாண்டு முடியும்போது அதன் வரலாற்றிலேயே அதிகம் விற்ற பெட்டி ஸ்விட்ச்தான். அதையும் ஆரம்பத்திலிருந்தே பெட்டிக்குப் பெட்டி லாபத்தில் விற்றார்கள். இது முக்கியமில்லையென்றால் வேறு எது முக்கியம்?

பழைய_கேசட்:

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் விலையைப் பற்றி யாருமே பேசவில்லை. அதைப் பேசாமல் பிளேஸ்டேஷன் 2இன் 16 கோடியையும் பிளேஸ்டேஷன் 5இன் 8.42 கோடியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை.

பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 2000இல் வந்தபோது விலை 299 டாலர். டிவிடி பிளேயரையே தனியாக நல்ல விலை கொடுத்து வாங்கிய காலம் அது. இந்தப் பெட்டியில் படமும் பார்க்கலாம் என்பதற்காகவே வாங்கியவர்கள் ஏராளம். அப்புறம் விலை இறங்கிக்கொண்டே வந்தது. 2009 ஏப்ரலில் 99 டாலர். பிளேஸ்டேஷன் 3 வந்து இரண்டு வருஷம் தாண்டிய பிறகும் ஏழை நாடுகளிலும் சின்ன ஊர்களிலும் பிளேஸ்டேஷன் 2 விற்றதற்கு அந்த விலைதான் காரணம். சிப்பை ஒவ்வொரு தலைமுறையிலும் சின்னதாக்கினால் செய்கூலி குறையும், அதை விலையில் இறக்கலாம். இருபது முப்பது வருஷம் இந்தத் தொழில் இப்படித்தான் ஓடியது.

இப்போது அது தலைகீழ். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 2020இல் 499 டாலர். 2025 அக்டோபரில் அமெரிக்காவில் அதே பெட்டி 649 டாலர் ஆனது. பிளேஸ்டேஷன் 5உம் அதே வருஷம் ஆகஸ்டில் 50 டாலர் ஏறியது. ஐந்து வயதான பெட்டி, வந்த நாளை விட அதிக விலைக்கு விற்கிறது. என் நினைவில் இப்படி நடந்ததே இல்லை. சிப் சின்னதானாலும் செலவு இறங்க மாட்டேன் என்கிறது. அமெரிக்க இறக்குமதி வரி வேறு. பழைய வழக்கப்படி 299க்கு வந்திருக்க வேண்டிய பிளேஸ்டேஷன் 5, 2025இல் 549க்கு இருந்தபோதும் பிளேஸ்டேஷன் 4 அதே வயதில் எட்டிய எண்ணிக்கைக்கு ஏறக்குறைய ஈடுகொடுத்தது. எனக்கு அதுதான் சோனியின் பெரிய சாதனை.

எக்ஸ்பாக்ஸ் விழுந்த கதையும் விலையில்தான் ஆரம்பித்தது. எக்ஸ்பாக்ஸ் 360 காலத்தில் சோனிக்கு ஒரு வருஷம் முன்னாடியே வந்தார்கள். பிளேஸ்டேஷன் 3 பெரிய மாடல் 599 டாலர் என்றதும் ஜனங்கள் 360 பக்கம் போனார்கள். சிவப்பு வளையம் எரிந்து பெட்டிகள் பழுதானபோது நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கி மாற்றிக் கொடுத்து நம்பிக்கையைக் காப்பாற்றினார்கள். கடைசியில் இரண்டும் எட்டரைக் கோடியை ஒட்டி, கிட்டத்தட்டச் சமமாக முடிந்தன. அப்படிப்பட்டவர்கள் 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னோடு கினெக்ட் என்ற கேமராவைக் கட்டாயமாக்கி 499 என்றார்கள். சோனி பிளேஸ்டேஷன் 4க்கு 399 என்றது. அன்றைக்கே முடிந்துவிட்டது. பிளேஸ்டேஷன் 4 கடைசியாகச் சொன்ன கணக்கு 11.72 கோடி. எக்ஸ்பாக்ஸ் ஒன் அதில் பாதிகூட இல்லை என்று மைக்ரோசாப்டே 2022இல் பிரேசில் அரசின் போட்டி ஆணையத்திடம் எழுதிக் கொடுத்தது.

தோற்றதை விட, தோற்ற நேரம் மோசம். டிஸ்கை விட்டு டிஜிட்டலாக வாங்க ஜனங்கள் பழகியது அந்தத் தலைமுறையில்தான். நூறு ஆட்டம் பிளேஸ்டேஷன் கணக்கில் கிடக்கிறவர் அடுத்த பெட்டிக்கு வேறு கம்பெனிக்குப் போவாரா? அப்போது எக்ஸ்பாக்ஸ் தலைவராக இருந்த பில் ஸ்பென்சரே 2023இல் ஒரு பேட்டியில் இதை ஒத்துக்கொண்டார்.

நீலத்திரை:

பழைய கேசட் அண்ணன் கடைசியில் சொன்ன அந்த டிஜிட்டல் கணக்குதான் பிசியின் பலம். 2003இல் வால்வ் கம்பெனியின் ஸ்டீம் (பிசி ஆட்டங்களை விற்கும் இணையக் கடை) வந்த புதிதில் வாங்கிய ஆட்டம் இன்றைக்கும் என் கணக்கில் இருக்கிறது. எத்தனை கம்ப்யூட்டர் மாறியும் அது போகவில்லை. தலைமுறை என்ற பேச்சே இங்கே இல்லை.

எண் வேண்டுமென்றால் இதோ. ஒரே நேரத்தில் ஸ்டீமுக்குள் இருந்தவர்கள் 2020 மார்ச்சில் 2 கோடி. 2022 அக்டோபரில் 3 கோடி. 2025 மார்ச்சில் 4 கோடி. இதில் சும்மா திறந்து வைத்திருப்பவர்களும் அடக்கம், அதை மறைக்கவில்லை. ஆனாலும் ஐந்து வருஷத்தில் இரண்டு மடங்கு.

இந்த வளர்ச்சியில் சீனாவின் பங்கைப் பேசாமல் தாண்டவே முடியாது. அங்கே 2000இலிருந்து 2014 வரை கன்சோல் விற்கத் தடை. ஒரு தலைமுறையே பிசியிலும் நெட் கஃபேயிலும் வளர்ந்தது. அந்தத் தலைமுறை சம்பாதிக்க ஆரம்பித்ததன் பலனை 2024 ஆகஸ்டில் பார்த்தோம். பிளாக் மித்: வுகாங் ஸ்டீமில் மட்டும் ஒரே நேரத்தில் 24 லட்சம் பேரைத் தொட்டது. ஒரே ஆள் விளையாடும் ஆட்டம், இணையச் சண்டை கிடையாது, அதற்கு இவ்வளவு கூட்டம். மூன்று நாளில் எல்லா இடத்திலும் சேர்த்து ஒரு கோடி பிரதி. கன்சோல் பட்டியலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது என்றே புரியவில்லை.

ஜப்பான் கம்பெனிகளுக்குப் புரிந்துவிட்டது. பிசியை முக்கியத் தளமாக ஆக்கப்போகிறோம் என்று கேப்காம் 2021இலேயே சொன்னது. கன்சோல் கொடிகட்டிப் பறந்த ஊரின் பெரிய கம்பெனி அப்படிச் சொல்கிறது என்றால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது?

கடைசி_சேவ்:

அண்ணன்மார்களே, நடுவில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். காலேஜ் கடைசி வருஷம். அறுபதாயிரம் சேர்த்து வைத்திருக்கிறேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் விசாரித்தால் டிடிஆர்5 ரேம் விலையைக் கேட்டே தலை சுற்றுகிறது. செப்டம்பரில் நண்பன் வாங்கிய அதே குச்சி இப்போது இரண்டு மடங்குக்கு மேல். பிசி வளர்கிறது என்கிறீர்கள், என்னால் ஒன்று கட்டக்கூட முடியவில்லையே. வீட்டில் பழைய பிசி ஒன்று இருக்கிறது: ரைசன் 5 3600 பிராசசர், 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு. பிஎஸ்5 வாங்குவதா, இதைச் சரி பண்ணுவதா?

முப்பரிமாணம்:

தம்பி, உன் கேள்விக்குக் கீழே வருகிறேன். அதற்கு முன் நீலத்திரை சொன்னதற்கு ஒரு பதில். நான் ஒரு சின்ன ஸ்டுடியோவில் கிராபிக்ஸ் பக்கம் வேலை பார்க்கிறேன். பிசியில் விற்பனை பெருகுவது உண்மை. ஆனால் பிசியில் ஒரு ஆட்டத்தை ஒழுங்காக ஓட வைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அந்த எண்ணில் தெரியாது.

ஒரு உதாரணம். ஆட்டத்தில் ஒரு கதவைத் திறக்கிறீர்கள். உள்ளே முதல்முறையாக ஒரு நெருப்பு எரிகிறது. அந்த நொடியில் படம் ஒரு துளி நின்று பிறகு ஓடும். இரண்டாவது முறை அதே கதவைத் திறந்தால் நிற்காது. காரணம், அந்த நெருப்பை வரைவதற்கான ஷேடர் நிரலை உங்கள் கிராபிக்ஸ் கார்டுக்கும் அதை இயக்கும் டிரைவர் மென்பொருளுக்கும் ஏற்றபடி உங்கள் கம்ப்யூட்டரிலேயே மொழிமாற்றி எடுக்க வேண்டியிருக்கிறது. பிளேஸ்டேஷன் 5இல் ஒரே சிப், அதனால் நாங்கள் ஸ்டுடியோவிலேயே எல்லாவற்றையும் தயார் செய்து டிஸ்கில் போட்டுவிடுவோம். பிசியில் எந்த கார்டு என்று எங்களுக்குத் தெரியாது. சில ஆட்டங்கள் முதலில் திறக்கும்போது பத்து நிமிஷம் 'ஷேடர் தயாராகிறது' என்று பட்டை ஓட்டுவது அதனால்தான். வால்வின் கையடக்கப் பிசியான ஸ்டீம் டெக்கில் இந்தத் தொல்லை குறைவு. ஏனென்றால் எல்லா டெக்கிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிப் இருப்பதால் வால்வ் முன்கூட்டியே தயாரித்த ஷேடர்களை ஆட்டத்தோடு சேர்த்து இறக்கித் தருகிறது. பிசி உலகம் ஒரு பெட்டியைக் கன்சோல் மாதிரி நிலையாக வைத்தவுடன் கன்சோலின் நன்மை அதற்கும் கிடைத்துவிட்டது.

கேப்காமையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களின் மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ் 2025 பிப்ரவரி 28இல் வந்தது. ஸ்டீமில் ஒரே நேரத்தில் 13 லட்சத்துக்கு மேல் கூட்டம், ஒரே மாதத்தில் ஒரு கோடி பிரதி. ஆனால் பிசியில் மோசமாக ஓடியது, திட்டு விழுந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை மொத்தமாக விற்றது 4.77 லட்சம் மட்டுமே. விழுந்ததற்குக் காரணம் அது மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பெரிய காரணம் அதுதான் என்பது என் எண்ணம். பிசியை முக்கியத் தளம் என்று அறிவித்தால் போதாது. அதற்கு ஆளும் நேரமும் ஒதுக்க வேண்டும்.

வைகைக்கரை:

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ஜிடிஏ 6 தேதி 2026 நவம்பர் 19. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ். பிசிக்குத் தேதியே சொல்லவில்லை. ஜிடிஏ 5உம் 2013 செப்டம்பரில் கன்சோலுக்கு வந்து, பிசிக்கு 2015 ஏப்ரலில்தான் வந்தது. உலகத்தில் அதிகம் எதிர்பார்க்கப்படும் ஆட்டம் முதலில் எங்கே போகிறது என்று பாருங்கள். அந்த முடிவை எடுத்தவர்கள் நாம் பேசும் அதே பெட்டி எண்ணிக்கையைப் பார்த்துத்தான் எடுத்திருப்பார்கள்.

தாமிரபரணி:

வைகைக்கரை, ஜிடிஏ விஷயத்தில் மறுக்க ஒன்றுமில்லை. அந்த ஆட்டம் வரும்போது பிளேஸ்டேஷன் 5 விற்பனை எகிறும். ஆனால் ஜிடிஏவை உருவாக்கும் ராக்ஸ்டார் மாதிரி ஒன்றரை வருஷம் காக்க வைக்கும் தைரியம் எத்தனை கம்பெனிக்கு இருக்கிறது? சோனிக்கே இல்லை.

ஹெல்டைவர்ஸ் 2ஐப் பாருங்கள். 2024 பிப்ரவரி 8 அன்று பிளேஸ்டேஷன் 5இலும் பிசியிலும் ஒரே நாளில் வெளியிட்டார்கள். பன்னிரண்டு வாரத்தில் 1.2 கோடி பிரதி. அந்த மே மாதம் பிசிக்காரர்களும் பிளேஸ்டேஷன் கணக்கை இணைத்தே ஆக வேண்டும் என்றார்கள். அந்தக் கணக்கே தொடங்க முடியாத நாடுகளில் ஏற்கெனவே காசு கொடுத்தவர்கள் என்ன செய்வார்கள்? ஸ்டீமில் எதிர்ப்பு மலை மாதிரி குவிந்தது. சில நாளிலேயே பின்வாங்கினார்கள். ஒரு கன்சோல் கம்பெனி பிசி ரசிகர்களுக்கு அடிபணிந்த சம்பவம் எனக்குத் தெரிந்து அதற்கு முன் இல்லை. 2025 ஆகஸ்டில் அதே ஆட்டம் எக்ஸ்பாக்ஸுக்கும் வந்தது. சோனி வெளியிட்ட ஆட்டம், எக்ஸ்பாக்ஸில்! ஆனாலும் கதை ஆட்டங்களை சோனி விட்டுக்கொடுக்கவில்லை. கோஸ்ட் ஆஃப் யோடெய் 2025 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 5க்கு மட்டும்தான் வந்தது. இணையத்தில் கூடி விளையாடுவதற்குக் கூட்டம் வேண்டும், அதனால் கதவைத் திறக்கிறார்கள். ஒற்றை ஆள் கதைக்கு அது தேவையில்லை. இந்தப் பிரிவினை எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

மைக்ரோசாப்டின் கணக்கு முற்றிலும் வேறு. பெட்டியை விற்று ஒருபோதும் லாபம் பார்த்ததில்லை என்று அவர்கள் அதிகாரியே 2021இல் எபிக்-ஆப்பிள் வழக்கில் சாட்சி சொன்னார். ஒரு பெட்டிக்கு 100 முதல் 200 டாலர் வரை கையிலிருந்து போடுகிறோம் என்று அடுத்த வருஷம் பில் ஸ்பென்சர் சொன்னார். கால் ஆஃப் டியூட்டி ஆட்டங்களை வெளியிடும் ஆக்டிவிஷனை வாங்க 6,870 கோடி டாலர் கொடுத்த பிறகு அந்தக் காசை எடுக்க வேண்டாமா? கால் ஆஃப் டியூட்டியை ஒரே பெட்டிக்குள் பூட்டினால் எடுக்க முடியாது. அதனால் ஆட்டங்களை எல்லா இடத்திலும் விற்கிறார்கள். 2025 ஜூலை–செப்டம்பர் காலாண்டில் எக்ஸ்பாக்ஸ் பெட்டி வருமானம் 29 சதவீதம் விழுந்தது. அதே வருஷம் அக்டோபரில் கேம் பாஸ் அல்டிமேட் என்ற மாதச் சந்தாவை அமெரிக்காவில் 20 டாலரிலிருந்து 30 டாலராக ஏற்றினார்கள். அங்கேதான் எனக்குக் கோபம். பெட்டி வேண்டாம், சந்தா போதும் என்று ஜனங்களை எட்டு வருஷம் பழக்கிவிட்டு, பழகியவர்கள் தலையில் ஒரேயடியாகப் பாதி விலையை ஏற்றுவது நியாயமே இல்லை.

நீலத்திரை:

அதே அக்டோபரில் ஏசுஸ் செய்த கையடக்கப் பிசிக்கு எக்ஸ்பாக்ஸ் என்று பெயர் வைத்து விற்றார்கள். உள்ளே விண்டோஸ். அதில் ஸ்டீமைப் போட்டுக்கொள்ளலாம். அப்படியானால் அதை எந்தப் பட்டியலில் சேர்ப்பீர்கள், கன்சோலா பிசியா?

நவம்பரில் வால்வ் ஸ்டீம் மெஷினை அறிவித்தது. டிவிக்குக் கீழே வைக்கும் சின்னப் பெட்டி, 2026இல் வரும் என்றார்கள். ஆனால் நஷ்டத்துக்கு விற்க மாட்டோம், அதே திறனுள்ள பிசியின் விலையை ஒட்டித்தான் இருக்கும் என்றார்கள். ரேம் இந்த விலை விற்கும்போது அது எங்கே போய் நிற்கும் என்று பயமாக இருக்கிறது. ஏஐ தரவு மையங்களுக்கு மெமரி மொத்தமாகப் போகிறது. மைக்ரான் கம்பெனி க்ரூஷியல் என்ற பெயரில் நமக்கு விற்கும் வியாபாரத்தையே மூடுகிறேன் என்று 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. 2021இல் கிரிப்டோ தோண்டுகிறவர்கள் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனபோது எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் கார்டு தேவைப்படாத முறைக்கு மாறினால் சரியாகும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது, 2022 செப்டம்பரில் சரியும் ஆனது. இந்த முறை அப்படி ஒரு முடிவுத் தேதி கண்ணில் படவில்லை. கடைசி சேவ் தம்பியின் வருத்தம்தான் பிசி சந்தையின் உண்மையான ஆபத்து. இருக்கிறவர்கள் தங்குவார்கள், புதிதாக வருகிறவர்கள் எப்படி வருவார்கள்?

பழைய_கேசட்:

ஜப்பானில் நடப்பதையும் கவனியுங்கள். 2025இல் அங்கே ஸ்விட்ச் 2 வந்தபோது ஜப்பானிய மொழி மட்டும் உள்ள மாடல் 49,980 யென், எல்லா மொழியும் உள்ளது 69,980. சோனியும் நவம்பரில் ஜப்பானிய மொழி மட்டும் உள்ள பிளேஸ்டேஷன் 5ஐ 55,000க்கு இறக்கியது. யென் மதிப்பு விழுந்ததால் வெளியூர்க்காரர்கள் வாங்கிக்கொண்டு போகாமல் இருக்க இந்த ஏற்பாடு. சொந்த ஊர்க்காரருக்குக் குறைந்த விலையில் பெட்டி போக வேண்டும் என்று இரண்டு கம்பெனியும் காசை விட்டுக்கொடுக்கிறார்கள். பெட்டி எண்ணிக்கை செத்துப்போன கணக்கு என்றால் இதைச் செய்ய மாட்டார்கள், தாமிரபரணி.

தாமிரபரணி:

செத்தது என்று நான் சொல்லவில்லையே. ஒவ்வொருவருக்கும் அதன் பொருள் வேறு என்றேன். நீங்கள் சொன்ன ஜப்பான் கதையும் அதைத்தான் காட்டுகிறது. சோனியும் நின்டெண்டோவும் அங்கே பெட்டிக்காகக் காசை விடுகிறார்கள், மைக்ரோசாப்ட் விடாமல் விலையை ஏற்றுகிறது.

முப்பரிமாணம்:

கடைசி சேவ் தம்பிக்கு. உன் பழைய பிசியைக் கழிக்காதே. 16 ஜிபி ரேம் கையில் இருக்கிறது, இன்றைக்கு அதுவே சொத்து. ஸ்டீமின் வன்பொருள் கணக்கெடுப்பில் இன்னும் பாதிக்கு மேற்பட்டவர்கள் 1080பி திரைத் தெளிவில்தான் விளையாடுகிறார்கள். நீயும் அங்கே இருந்தால் கார்டை மட்டும் மாற்று. மெமரி 8 ஜிபிக்குக் குறைந்த கார்டு எடுக்காதே. வாங்குமுன் உன் பவர் சப்ளை எத்தனை வாட், பில் இருக்கிறதா என்று பார். பெயர் தெரியாத சப்ளையில் புது கார்டைச் செருகாதே. உன் மதர்போர்டில் கார்டு செருகும் பிசிஐஇ இணைப்பு பழைய தலைமுறை என்றால், எட்டு லேன் (தரவுப் பாதை) மட்டும் உள்ள கார்டுகள் கொஞ்சம் வேகம் குறையும், அதையும் விசாரித்துக்கொள்.

பிளேஸ்டேஷன் 5 ஸ்லிம் 2024 ஏப்ரலில் இங்கே வந்தபோது டிஸ்க் உள்ளது 54,990, இல்லாதது 44,990. எடுப்பதானால் டிஸ்க் உள்ளதை எடு. ஒரு டிஸ்கை நான்கு நண்பர்கள் மாற்றி மாற்றி விளையாடலாம், முடித்ததும் விற்கலாம். ஸ்விட்ச் 2ஐ நின்டெண்டோ இங்கே நேரடியாக விற்பதில்லை, வெளியிலிருந்து வருவதுதான். வாரண்டிக்கு யாரிடம் போவாய் என்று யோசி.

கடைசி_சேவ்:

நன்றி அண்ணா. நண்பர்கள் எல்லாரும் வேலோரன்ட், சிஎஸ்2 தான், அதெல்லாம் இந்த பிசியிலேயே ஓடுகிறது. கார்டு மட்டும் மாற்றிவிட்டு மீதியை ஜிடிஏ 6 வரும்வரை தொடாமல் வைக்கலாமா? அதற்குள் பிஎஸ்5 விலை இறங்குமா?

பழைய_கேசட்:

இறங்கும் என்று நம்பி உட்காராதே தம்பி. தள்ளுபடி வரும், அடக்க விலை இறங்காது. உள்ளே இருப்பதும் அதே மெமரிதான்.

வைகைக்கரை:

கார்டை மாற்று, தள்ளுபடி வந்தால் டிஸ்க் பெட்டி எடு. நவம்பரில் எல்லாரும் ஒரே சமயத்தில் கடைக்குப் போவார்கள், அதற்கு முன்னால் எடுத்துவிடு.